அடி லேயரில் இருந்த மருதை ஐயா

போன வாரம் போட்டோ வேலை செய்யும் நம் போன் குழுவில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள்: "அக்கா, வேலை முடிஞ்சு படத்த கஸ்டமருக்குக் குடுத்தாச்சு. லேயரோட இருக்கற பெரிய ஃபைல டெலிட் பண்ணிடலாமா? கம்ப்யூட்டர்ல இடமே இல்ல லா." அதற்குக் கீழே நாலைந்து பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தீர்கள். ஒரு தம்பி, "நான்லாம் அன்னைக்கே டெலிட் பண்ணிடுவேன்" என்று பெருமை வேறு பேசியிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். உடனே நாலு வார்த்தை எழுதிவிடலாம் என்று போனை எடுத்தேன். ஆனால் கோபத்தில் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். "அக்கா சூடாயிட்டாங்க" என்று ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால் தேநீரைப் போட்டு வைத்துக்கொண்டு நிதானமாக எழுதுகிறேன். நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

என்னைப் பார்க்காதவர்களுக்காக: நான் பிரேமா. கெடா மாநிலத்துக் குருண் ஊரில் பெரிய சாலையை ஒட்டி, போட்டோஸ்டாட், அடையாள அட்டைக்கான ஐசி அளவுப் படம், கல்யாண அட்டை, கோயில் திருவிழா பேனர் என்று எல்லாம் செய்யும் கடை ஒன்றை வெகு காலம் நடத்தினேன். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது கடையை என் தங்கை மகளிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். கடையை விட்டேனே தவிர, உங்கள் குழுவை விடவில்லை. உங்கள் கேள்விகளையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். "போன்ல நல்லாருந்த படம் பேனர்ல ஏன் அக்கா மங்குது?" "பின்னணிய வெட்டினா முடியும் சேந்து போகுதே, என்னா செய்யறது?" "இலவச மென்பொருள வெச்சு உண்மையிலேயே தொழில் பண்ண முடியுமா?" முடியும். நான் பண்ணினேன். சாப்பிட்டேன், வீட்டு வாடகை கட்டினேன், இதோ உங்களுக்கு அறிவுரையும் சொல்கிறேன்.

அந்த மென்பொருளின் படத்தில் ஒரு பிராணி வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டு நிற்குமே, அதைப் பார்த்து முதல் நாள் நான் பயந்துபோனேன். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் என் சக்திக்கு எட்டாதது. இதுவோ சும்மா கிடைத்தது. சும்மா கிடைப்பதைச் சொல்லிக் கொடுக்க மட்டும் குருணில் யாரும் இல்லை. இணையத்தில் ஒரு மன்றத்தைக் கண்டுபிடித்து, என் ஓட்டை ஆங்கிலத்தில் என் முதல் கேள்வியைக் கேட்டேன். ஒரு பெண்ணின் முகத்தில் பருவை அழிக்கப் போய், மூக்கையும் சேர்த்து அழித்துச் சேமித்துவிட்டேன், மூக்கைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் கேள்வி. சிரிக்காதீர்கள். உங்களில் ஒருவர் போன மாதம் மாப்பிள்ளையின் காதையே காணாமல் ஆக்கியதை நான் மறக்கவில்லை.

அந்த மன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. தூங்கும் பூனை ஒன்றைத் தன் படமாக வைத்திருந்த ஒருவர் பதில் எழுதினார். எந்த நாட்டுக்காரர், ஆணா பெண்ணா, இன்றுவரை எனக்குத் தெரியாது. போன மூக்கு போனதுதான் என்று முதலில் நேராகச் சொல்லிவிட்டார். பிறகு இப்படி எழுதினார்: "அசல் படத்தை அடியில் வைத்துப் பூட்டிவிடு. அதன்மேல் கை வைக்காதே. நீ செய்வதையெல்லாம் அதற்கு மேலே தனித்தனி லேயரில் செய். வேலை முடிந்தாலும் அந்தக் கோப்பைத் தூக்கிப் போடாதே. நாளைக்கு யாருக்கு எது தேவைப்படும் என்று உனக்குத் தெரியாது."

லேயர் என்றால் கண்ணாடித் தாள்தான். படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, அதில் வரைகிறோம். தாளை எடுத்துவிட்டால் அடியில் படம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கிறதல்லவா, அதைத் தட்டினால் தாள் மறையும், மறுபடி தட்டினால் வரும். அன்றிலிருந்து நான் அப்படித்தான் வேலை செய்தேன். ஏன் என்று பெரிதாக யோசித்ததில்லை. மருதை ஐயா காணாமல் போன பிறகுதான் ஏன் என்று புரிந்தது.

நம் ஆட்கள் படம் பிடிக்க வரும் அழகு உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் முகத்தோடு ஒருவரும் வருவதில்லை. தலைக்குச் சாயம், நெற்றி நிறைய விபூதி, இரவல் கோட்டு. அதுவும் போதாமல், "அக்கா, அந்த மச்சத்த எடுத்துடுங்க, கண்ணுக்குக் கீழ கருப்ப எடுத்துடுங்க" என்று பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ரப்பர் பால் வாளியும் அதைச் சுமக்கும் தோள் காண்டாக் கம்புமாக வேலை செய்த அப்பாவை ஒரு நாளாவது பெரிய மனிதராகப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவது அன்புதானே. அந்த அன்புக்குத்தான் நமக்குக் கூலி கிடைக்கிறது.

மருதை ஐயாவை அவர் மகள் கலா அப்படித்தான் அழைத்து வந்தாள். ஐயாவுக்கு எழுபதாவது பிறந்த நாள். இளவயதில் லாரி அட்டெண்டன்ட், பிறகு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். இடது புருவத்திலிருந்து கன்னம் வரை ஒரு தழும்பு. மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. சிரிக்கச் சொன்னால் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அந்தக் கையை இறக்க வைக்கவே எனக்குப் பாதி நேரம் போயிற்று.

"அக்கா, பல்லு வெச்சிடுங்க. தழும்ப எடுத்துடுங்க. முடிய கருப்பாக்கிடுங்க. அப்பறம், கோட்டு ஒண்ணு போட்டுடுங்க" என்றாள் கலா.

"ஏம்மா, உங்க அப்பாவ மட்டும் மிச்சம் வெக்கட்டுமா?" என்று கேட்டேன். கலா சிரித்தாள், ஐயாவும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எல்லாம் செய்தேன். நன்றாகவே செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பெரிய சட்டம் போட்டு, பிறந்த நாள் அன்று ஐயாவிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த டத்தோ?" என்று, பட்டம் வாங்கிய பெரிய மனிதர் யாரையோ பார்ப்பதுபோல் கேட்டாராம். வீடே விழுந்து விழுந்து சிரித்ததாகக் கலா வந்து சொன்னாள். அந்தப் படம் அவள் அண்ணன் சேகர் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. ஐயாவும் சேகரோடுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு சில வருடங்களில் ஐயாவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை, அப்புறம் ஆட்களை. ஒரு நாள் காலையில் மருமகள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்வரும் நேரத்தில், கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

போலீஸ் பாலாயில் ரிப்போர்ட் செய்தார்கள். கோயில், பஸ் நிறுத்தம், பழைய தோட்டம் என்று எல்லா இடத்திலும் தேடினார்கள். சேகர் கூடத்தில் மாட்டியிருந்த படத்தையே போனில் பிடித்து, 'காணவில்லை' என்று எழுதி, தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினான். அது கெடா முழுக்கச் சுற்றியது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். மறுநாள் மத்தியானமும் ஒரு தகவலும் இல்லை. ஐயாவுக்கு இனிப்புநீர் நோய் வேறு. மாத்திரை போடாமல், எங்கே எந்தச் சாலையோரம் விழுந்து கிடக்கிறாரோ.

அந்த மத்தியானம்தான் அண்ணனும் தங்கையும் கடைக்கு வந்தார்கள். லீவு கிடைக்காத கலா கூலிம் தொழிற்சாலையில் வேலை முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய சட்டையோடு அப்படியே வந்திருந்தாள். சேகர் போனை என் மேசையில் வைத்தான். "அக்கா, இதையே பெருசா அடிச்சுக் குடுங்க. அலோர் ஸ்டார், கோலா கெடா வரைக்கும் ஒட்டப் போறோம். சீக்கிரம்கா."

போனில் நான் செய்த டத்தோ சிரித்துக்கொண்டிருந்தார். வரிசையான பல், கருகருவென்ற முடி, கோட்டு. இரண்டு நாளாக ஊரே இந்த முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது, இப்படி ஒரு மனிதர் உலகத்தில் எங்குமே இல்லையே!

"தம்பி, இத அடிக்கக் கூடாது" என்றேன்.

"ஏன்கா? பேப்பர் இல்லையா?"

"பேப்பர் இருக்கு. இது உங்க அப்பா இல்ல. நான் செஞ்ச ஆளு. ஐயா இப்ப எதிர்ல வந்து நின்னாலும் இந்தப் படத்தப் பாத்தவன் கண்டுபிடிக்க மாட்டான். இப்ப எடுத்த வேற படம் இல்லையா?"

இல்லை. இருந்ததெல்லாம் தீபாவளிக் கும்பலில் பாதி முகம், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் ஒரு காது. மறதி வந்த பிறகு அவர் கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுவாராம். பிள்ளைகளும் சட்டத்தில் இருக்கும் படமே போதும் என்று விட்டுவிட்டார்கள். கலா மெதுவாகச் சொன்னாள், "அக்கா, போன வாரம் மாரியம்மன் கோயில் திருவிழால அப்பாவுக்கு மொட்ட அடிச்சோம்." கேட்டதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

பழைய வேலைகளையெல்லாம் வெளி டிஸ்க் ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். அதை எடுத்துச் செருகினேன். கம்ப்யூட்டர் யோசித்தது. அந்த டிஸ்க் அப்போதே கிழம், சில நாள் வேலை செய்யும், சில நாள் முறைத்துக்கொண்டு கிடக்கும். மாரியாத்தா, இன்றைக்கு மட்டும் கைவிட்டுவிடாதே என்று வாய்விட்டே சொன்னேன். ஐயா பெயரில் கோப்பு இருந்தது. பதினைந்து இருபது கண்ணாடித் தாள்களோடு, அன்றைக்கு விட்டபடியே இருந்தது.

ஒவ்வொரு கண்ணாக அணைத்தேன். கோட்டு போயிற்று, கழுத்துப் பட்டன் போடாத கட்டம் போட்ட சட்டை வந்தது. சாயம் போயிற்று, நரை வந்தது. பல் இரண்டும் போயின. கடைசியில் புருவத்துக்கு மேல் இருந்த தாளை அணைத்தேன். தழும்பு வந்தது. கையை அப்போதுதான் வாயிலிருந்து இறக்கியவர் மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தபடி ஐயா வந்துவிட்டார்.

"அப்பா..." என்றாள் கலா. திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன். அழுதுகொண்டே மொட்டை அடித்தேன். தலையில் எங்கே மேடு, எங்கே பள்ளம், தாடி எவ்வளவு இருந்தது, முகம் எவ்வளவு ஒட்டியிருந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, மேலே ஒரு புதுத் தாளில் வரைந்தேன். அழகுபடுத்திப் பழகிய கைக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கன்னத்தைக் குழியாக்கு என்றால், மவுஸ் பின்னாலேயே போகிறது.

முடிந்ததும் சேகரிடம் திருப்பிக் காட்டினேன். அவன் முகம் இறுகிவிட்டது.

"என்னாக்கா இது? மொட்டத் தலையும் ஓட்டப் பல்லுமா... எங்கப்பாவ இப்படியா ஊரெல்லாம் ஒட்டறது? நாளைக்கு நாலு பேரு என்னா சொல்லுவான்? பெத்த அப்பன இப்படித்தான் வெச்சிருந்தானான்னு கேக்க மாட்டானா?"

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்பாவைக் காணாத பயம் ஒரு பக்கம், அந்தப் பயத்தில் அவன் பிடித்துக்கொண்டிருந்தது அந்த மானம் ஒன்றைத்தான். "சரி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க" என்று இறங்கி வந்தான். அது நியாயமாகத்தான் பட்டது. விரல் மவுஸுக்குப் போயும் விட்டது. ஆனால் எத்தனை பேனர் செய்திருக்கிறேன், ஜனங்கள் எதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு முகம் இருந்தால் கண் அழகான முகத்துக்குத்தான் போகும். வழியில் போகிறவர் அதையே மனதில் வைத்துக்கொண்டு போய்விடுவார்.

"ரெண்டு போட மாட்டேன் தம்பி. ஒண்ணுதான். எதுன்னு நீயே சொல்லு" என்றேன்.

சேகர் தங்கையைப் பார்த்தான். கலாதான் நிமிர்ந்தாள். "அண்ணே, உனக்கு அப்பா வேணுமா, ஃப்ரேம் வேணுமா?"

அவன் மேசையில் இருந்த தன் போனை எடுத்துப் பைக்குள் போட்டான். பிறகு, "அடிங்கக்கா" என்றான்.

அவர்கள் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் வரைந்த மொட்டை சரியாக இருக்குமா? நேரில் பார்த்து வருடங்கள் ஆயிற்றே. தப்பாகப் போனால், ஐயாவும் கிடைக்காமல், அந்தக் குடும்பத்தின் மானத்தையும் நானே கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டியதாக ஆகிவிடும். தம்பி தங்கச்சிகளே, எந்தத் தாளை வைப்பது, எந்தத் தாளை எடுப்பது என்று மென்பொருள் நமக்குச் சொல்லாது. அதை நாம்தான் முடிவு செய்து, முடிவு செய்ததற்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கலா அழைத்தாள். முதலில் அழுகைதான் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான், "கெடச்சிட்டாருக்கா, அப்பா கெடச்சிட்டாரு" என்றாள்.

கடலோரத்தில், கோலா கெடாவில், மீன் சந்தைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். எப்படி அவ்வளவு தூரம் போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இளவயதில் மீன் லாரியில் அங்கே போய்வந்தவர், லாரி வரும், ஏறிக்கொள்ள வேண்டும் என்று படகுகளைப் பார்த்தபடி காத்திருந்திருக்கிறார். சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மலாய்க்கார மக்சிக் அம்மா ஒருவர்தான் அவருக்குச் சோறும், பால் விடாத தேநீரான தே ஓவும் கொடுத்து, கடைக்குப் பின்னால் படுக்க இடமும் விட்டிருக்கிறார். லாரி வரும் என்று ஐயா அடித்துச் சொன்னதால் அவரும் நம்பிவிட்டார்.

சேகர் சொன்ன ஒன்றுதான் என்னை உலுக்கியது. அந்த மக்சிக்கின் போனுக்கு முதல் படம் முதல் நாளே வந்திருக்கிறது. ஐயாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். "தாக் சாமா லா" என்று சேகரிடம் கையை விரித்தாராம், இரண்டும் ஒரே ஆள் இல்லை என்றுதான் நினைத்தாராம். இரண்டாவது படத்தைப் படகுத்துறைச் சுவரில் பார்த்ததும், தழும்பைப் பார்த்தார், கடைக்கு ஓடி வந்து ஐயாவின் முகத்தைப் பார்த்தார், உடனே போன் செய்துவிட்டார். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. தினமும் விளக்கேற்றும்போது அவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

நடந்ததையெல்லாம் அந்த மன்றத்தில் போய் எழுதினேன். இப்போதும் ஓட்டை ஆங்கிலம்தான். பூனைக்காரருக்கு நன்றி என்று போட்டேன். எங்கெங்கிருந்தோ பத்து இருபது பேர் சந்தோஷப்பட்டு எழுதினார்கள். பூனைக்காரர் மட்டும் எழுதவில்லை. அவர் அந்தப் பக்கம் வந்து வெகு காலம் ஆயிற்று என்றார் ஒருவர். மூக்கைத் தொலைத்த ஒருத்திக்குப் பொறுமையாக எழுதிய நாலு வரி, குருணில் ஒரு அப்பாவை வீடு சேர்த்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான், நீங்கள் எவ்வளவு அசட்டுக் கேள்வி கேட்டாலும் நான் பதில் எழுதுகிறேன். அவருக்குக் கொடுக்க முடியாததை உங்களுக்காவது கொடுக்கிறேன்.

அந்த ஃபைலை டெலிட் பண்ணாதே, தங்கச்சி. இடம் இல்லையென்றால் என்னிடம் கொண்டு வா. என் புது டிஸ்க்கில் போட்டு வைக்கிறேன்.

ஐயா கிடைத்துச் சில வாரம் கழித்து, சேகர் அவரைக் காடியில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு என் கடைக்கு அழைத்து வந்தான். ஒரு பை நிறைய ரம்புத்தான் கொண்டுவந்திருந்தான். ஐயாவுக்குத் தலையில் முடி வெள்ளையாக அரும்பியிருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் பெரிய மரியாதையாகக் கும்பிட்டார். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் அந்த போஸ்டர் இன்னும் ஒட்டியிருந்தது. எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐயா அதன் கிட்டே போய் நின்று வெகு நேரம் பார்த்தார்.

"யாரும்மா இவரு? காணாம போயிட்டாரா?"

"ஆமாங்கையா."

"பாவம். நல்ல மனுசனா தெரியறாரு. கெடச்சாரா?"

"கெடச்சிட்டாருங்கையா."

"அப்பாடா" என்று அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "வீட்ல புள்ளைங்க ரொம்பத் தேடியிருக்கும்."

பின்னால் நின்ற சேகர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆமாப்பா," என்றான். "ரொம்பத் தேடுனாங்க."